விஸ்கான்சின் மான் சீசனும் என் பட்டறை வியாபாரமும்

விஸ்கான்சின் மாநிலத்தில் பட்டறை வைக்க நினைக்கிறவர்கள் வங்கி வட்டியை விசாரிப்பதற்கு முன்னால் நவம்பர் காலண்டரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். அதற்கு முந்தைய சனிக்கிழமை விடியும்போது துப்பாக்கி மான் சீசன் தொடங்கும். ஒன்பது நாள் நடக்கும். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் மெஷினில் நிற்க ஆள் இருக்காது. அந்த வாரத்தில் கல்யாணத் தேதி வைக்கக்கூட யோசிப்பார்கள். நாங்கள் செப்டம்பரிலேயே பார்ட்டிகளுக்கு எழுதிவிடுவோம்: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை டெலிவரி கிடையாது. யாரும் கோபித்துக்கொண்டதில்லை. எதிர்முனையில் பர்ச்சேஸ் பார்க்கிறவரும் அப்போது காட்டில்தான் இருப்பார்.

நான் கோயம்புத்தூர்க்காரன். பம்ப்செட் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவன். இங்கே ஃபாக்ஸ் நதிப் பள்ளத்தாக்கில் காகித ஆலைகளுக்கு உதிரி பாகம் செய்து தரும் ஒரு சின்ன மெஷின் ஷாப் நடத்துகிறேன். ஆப்பிள்டன், நீனா, கக்கானா என்று அந்த ஆற்றங்கரை நெடுகப் பேப்பர் மில்கள். ஒரு காலத்தில் இருந்த அளவுக்கு இப்போது இல்லை. ஆனாலும் ரோலர், பேரிங் ஹவுசிங் வேலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஷாப்பை ஆரம்பித்தவன் நானல்ல. ஓய்வு பெற நினைத்த ஒரு பெரியவரிடமிருந்து வாங்கினேன். முழு விலைக்கு என்னிடம் பணம் இல்லை. வங்கி கொடுத்தது போக மீதியில் ஒரு பங்கை அவரே எனக்குக் கடனாக விட்டுவைத்தார். இங்கே குடும்பத் தொழில்கள் கைமாறும்போது இது வழக்கமான ஏற்பாடுதான். இருந்தாலும் அவர் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். வாழ்நாள் சம்பாத்தியத்தில் ஒரு பகுதி, மொழியும் முகமும் வேறான ஒருவன் கையில். நான் ஷாப்பை மூழ்கடித்தால் அந்தப் பணம் போனது போனதுதான். வங்கிக்காவது அடமானம் இருக்கிறது.

கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு அவர் சொன்னது ஒன்றுதான்: "நவம்பரில் எங்கள் கேம்ப்புக்கு வா. மகளையும் கூட்டிக்கொண்டு வா."

பொள்ளாச்சியில் இருக்கும் மாமியாருக்கு விஷயம் போனது. அவர் போனில் கேட்டது: "ஏனுங்க மாப்பிள்ளை, அந்த ஊர்ல கறிக்கடையே இல்லீங்களா?"

நியாயமான கேள்வி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நம் தலைமுறைக்கு வேட்டை என்றாலே கள்ளத்தனம், ஜெயில், சினிமா நடிகர் மேல் கேஸ் என்றுதான் நினைவு வரும். இங்கே நிலைமை தலைகீழ். ஒரு காலத்தில் ஓநாயும் மலைச்சிங்கமும் துடைத்தெடுக்கப்பட்ட நிலத்தில் வெள்ளைவால் மான் பெருகி, மக்காச்சோளத்தைத் தின்று, ராத்திரியில் கார் முன்னால் பாய்கிறது. வேட்டை இங்கே அரசு கணக்குப் போட்டு நடத்தும் காரியம். 1937-இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டப்படி ரைஃபிள் மேலும் தோட்டா மேலும் 11 சதவீத வரி. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்குப் போகிறது. இதையெல்லாம் மாமியாரிடம் விளக்கவில்லை. "இருக்குதுங்க, இது சும்மா பழக்கத்துக்கு" என்று முடித்துக்கொண்டேன்.

1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறினால்தான் இங்கே வேட்டை உரிமம் வாங்க முடியும். நானும் பன்னிரண்டு வயது மகளும் ஒன்றாகத்தான் படித்தோம். பாடத்தின் உயிர் நான்கு விதிகள். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை. முனையை எப்போதும் ஆபத்தில்லாத திசையில் வை. எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உறுதி செய். சுடும் நேரம் வரும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். மூன்றாவது விதி வந்தபோது எனக்குச் சங்கப் பாட்டில் வரும் வல்வில் ஓரி நினைவுக்கு வந்தான். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைத் தள்ளி, புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்ததாம். புலவருக்குப் பரிசு கிடைத்தது. எங்கள் வாத்தியாரிடம் வந்திருந்தால் ஓரியை அன்றே ஃபெயில் ஆக்கியிருப்பார்.

கேம்ப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மரக் கேபின், விறகு அடுப்பு, அடுக்குக் கட்டில்கள். பெரியவர், அவர் மகள், மருமகன், பேரன், பெரியவரின் தம்பி, அப்புறம் நாங்கள். முதல் ராத்திரி மிளகாய் போட்ட பீன்ஸ் கறி, சீட்டுக்கட்டு, பழைய கதைகள். எனக்கு வியப்பாக இருந்தது துப்பாக்கி கைமாறும் விதம். ஒருவர் இன்னொருவரிடம் தரும்போது போல்ட்டை, அதாவது தோட்டா போகும் இடத்தை மூடும் இரும்புத் தண்டைத் திறந்து, உள்ளே பார்த்து, காலியாக இருப்பதைக் காட்டித் தருவார். வாங்குகிறவர் தன் கண்ணால் இன்னொருமுறை பார்ப்பார். நாற்பது வருடம் கூடவே வேட்டையாடிய அண்ணன் தம்பிக்குள்ளும் அப்படித்தான். "நான்தான் பார்த்துட்டேனே, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று யாரும் முகம் சுளிப்பதில்லை.

நம் ஊர் வியாபாரத்தில் இதற்கு ஒரு சொந்தம் உண்டு. பணம் கொடுக்கிறவரே "எண்ணிப் பார்த்துக்குங்க" என்பார். ஆனால் அது ரொக்கத்தோடு நின்றுவிடும். மற்ற விஷயங்களில் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு. கொங்கு நாட்டில் "எந்த ஊருங்க, எந்தக் கூட்டம்?" என்று விசாரித்து, சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் எழுத்து எதற்கு என்றாகிவிடும். அந்த முறையைக் குறை சொல்ல மாட்டேன். ஏமாற்றினால் மாமன் மச்சானிடம் போய் நிற்கலாம் என்ற பிடி அதில் இருக்கிறது. இங்கே என் மாமன் மச்சான் யாரையும் ஒருவருக்கும் தெரியாது. இந்த மனிதர்கள் ஒருவரை நம்புவது பாசத்தால் அல்ல, சலிப்பூட்டும் சின்னச் சின்ன முறைகளால் என்பதை அந்தக் கேபினில்தான் கண்ணெதிரே பார்த்தேன். பாசம் அதற்குப் பின்னால் வருகிறது. சில நேரம் வராமலும் போகிறது. வியாபாரத்துக்கு அதனால் நஷ்டமில்லை.

அதே ராத்திரி சுவரில் ஒட்டிய நில வரைபடத்தில் ஒவ்வொருவரும் மறுநாள் எந்தப் பரணில் உட்காரப் போகிறோம் என்று ஊசி குத்தினார்கள். பத்து மணி வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நகர வேண்டியிருந்தால் முதலில் ரேடியோவில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நீ அங்கே இருக்கிறாய் என்று நம்பித்தான் மற்றவர்கள் எந்தத் திசையில் சுடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். பேரனுக்கு அப்போது பதினேழு வயது. விடிந்து கொஞ்ச நேரத்தில் கொம்பு மான் ஒன்று அவன் பார்வையிலேயே பள்ளத்தைத் தாண்டி அடுத்த மேட்டில் ஏறியது. நாலு எட்டு நடந்தால் நல்ல குறி. கால் விரல் மரத்துப் போகிற குளிரில் பையன் பரணிலேயே உட்கார்ந்திருந்தான். அந்த மேட்டுக்குப் பக்கத்தில் தாத்தாவின் தம்பி இருந்தார். மத்தியானம் சாப்பிடும்போது இதை ஒரு பெருமையாகக்கூடச் சொல்லவில்லை. மான் எந்தப் பக்கம் போனது என்று பேச்சு வந்தபோது தானாக வெளியே வந்தது.

அடுத்த கோடையில் அவன் ஷாப்புக்கு வேலை கேட்டு வந்தான். ரெஸ்யூமே கொண்டு வந்திருந்தான், பாவம். நான் சாவியைக் கொடுத்தேன்.

இந்த ஊசி குத்துகிற வழக்கத்தை நான் ஷாப்புக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்று சொல்லலாம். டெலிவரி தேதி தள்ளிப் போகும் என்று எங்களுக்குத் தெரிந்த நிமிடமே பார்ட்டிக்கு போன் போக வேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. புதுத் தேதியைச் சொல்லாமல் போனை வைக்கக் கூடாது. மில்காரருக்குத் தாமதத்தைவிட, எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய சங்கடம். அவர் ஆலையை நிறுத்தும் நாளைக் குறித்து, கிரேன் சொல்லி, ஆள் திரட்டி வைத்திருப்பார். நம் ஒரு பாகம் வராமல் அத்தனையும் நிற்கும். இரண்டு நாள் முன்னால் சொன்னால் அவரால் மாற்று ஏற்பாடு செய்ய முடியும். அன்று காலை சொன்னால் திட்டத்தான் முடியும்.

முதல் நாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும். மகளுக்கு ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் பெரியவர். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. எதிர்மேட்டின் உச்சியில் ஒரு கொம்பு மான் வந்து பக்கவாட்டில் நின்றது. நல்ல தூரம்தான். மகள் துப்பாக்கியை எடுத்துவிட்டாள். பெரியவர் காதருகில் கேட்டார்: "அதுக்குப் பின்னால் என்ன தெரியுது?" அவள் ஒரு மூச்சு விட்டுச் சொன்னாள்: "வானம்." அவ்வளவுதான், துப்பாக்கி கீழே இறங்கியது. மேட்டு உச்சியில் நிற்கும் மானைத் தவறவிட்டால் குண்டு எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் நிலம், ஒரு மாட்டுத் தொழுவம்.

அன்று ராத்திரி கேபினில் அந்த மானைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அடித்த மானுக்குக்கூட அவ்வளவு பேச்சில்லை.

இதே விஸ்கான்சினில் ஆல்டோ லியோபால்டு என்று ஒருவர் இருந்தார். 1933-இல் இங்கே பல்கலைக்கழகத்தில் வேட்டை விலங்கு மேலாண்மைக்குப் பேராசிரியர் ஆனவர். 1935-இல் பராபூ பக்கம் விஸ்கான்சின் ஆற்றோரமாகச் சத்துப் போன பண்ணை ஒன்றை வாங்கி, அங்கிருந்த கோழிக்கொட்டகையைக் குடிசையாக்கி, மனைவியோடும் ஐந்து பிள்ளைகளோடும் வார இறுதிகளில் போய் ஆயிரக்கணக்கில் பைன் கன்றுகளை நட்டார். 1948-இல் பக்கத்து நிலத்தில் பிடித்த புல் தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார். வேட்டைக்காரனைப் பற்றி அவர் சொன்னதன் சாரம் இது: விளையாட்டு வீரனுக்குக் கைதட்டவும் கண்டிக்கவும் கூட்டம் இருக்கிறது, வேட்டைக்காரனுக்குப் பார்க்க ஆளில்லை, மனசாட்சிதான். இந்த ஊரில் இருந்துவிட்டு அதை மறுக்க முடியாது. 2015-க்கு முன்னால் அடித்த மானை வண்டியில் போட்டு, பெட்ரோல் பங்க்கிலோ மதுக்கடையிலோ இருந்த பதிவு நிலையத்தில் காட்ட வேண்டும். இப்போது மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் போனிலோ இணையத்திலோ நீங்களே பதிவு செய்துவிட வேண்டியதுதான். யாரும் வந்து பார்ப்பதில்லை. பிடிபட்டால் அபராதமும் உரிமம் போவதும் உண்டு. ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் உங்கள் வாய்ச்சொல்தான்.

வியாபாரத்தில் நான் ஆளை எடைபோடுவது இந்த இடத்தில்தான். எங்களுக்கு இரும்பு தரும் ஒரு கடையிலிருந்து ஒருமுறை போன் வந்தது. "போன வாரம் அனுப்பிய கம்பியில் ஒரு பண்டிலின் ஹீட் நம்பர் (எந்த உருக்குத் தொகுதியில் வார்த்தது என்று காட்டும் எண்), சர்டிஃபிகேட்டோடு ஒத்துப்போகவில்லை. வெட்ட வேண்டாம், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்." எங்களுக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. அவர்கள் விலை கொஞ்சம் கூடுதல்தான். அன்றிலிருந்து வேறு இடத்தில் கொட்டேஷன் கேட்பதை நான் குறைத்துக்கொண்டேன்.

வேட்டைக்குப் போகிறவரெல்லாம் யோக்கியர் என்று சொல்ல வரவில்லை. இன்னொரு பார்ட்டி இருந்தார். ஆபீஸ் சுவர் பூராவும் கொம்புகள், தோளில் கைபோட்டுப் பேச்சு, பார்க்கும்போதெல்லாம் சாப்பாடு. முப்பது நாளில் தர வேண்டிய பில்லுக்கு நான்கு மாதம் இழுத்தார். கேட்கும்போதெல்லாம் செக் தபாலில் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பணம் வந்தது. ஆனால் அதற்குள் சம்பள நாளுக்கு நான் வங்கியில் ஓவர்டிராஃப்ட் எடுத்திருந்தேன். இப்போது புதுப் பார்ட்டி யாராக இருந்தாலும் முதல் ஆர்டருக்குப் பாதி முன்பணம். தேதி தவறாமல் கட்டக் கட்டக் கடன் வரம்பு ஏறும். தவறினால் மறுபடி முன்பணத்துக்கு இறங்கும். இதைச் சிரித்துக்கொண்டே எல்லாரிடமும் ஒரே மாதிரி சொல்லிவிடுவதால் யாருக்கும் அவமானமாகத் தோன்றுவதில்லை. நல்ல பார்ட்டிகள் "எங்களிடமும் இதே வழக்கம்தான்" என்பார்கள். சண்டைக்கு வருகிறவர்களை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது லாபம்.

நிலத்து விஷயம் கொஞ்சம் கனமானது. இங்கே பலகை வைக்காவிட்டாலும் தனியார் நிலம் தனியார் நிலம்தான். அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. அடிபட்ட மான் எல்லை தாண்டிப் போய் விழுந்தாலும் கேட்டுவிட்டுத்தான் போய் எடுக்க வேண்டும். 2004 நவம்பரில் மாநிலத்தின் வடக்கே சாயர் கவுண்டியில், இன்னொருவர் நிலத்துப் பரணில் உட்கார்ந்திருந்த மோங் இனத்து வேட்டைக்காரர் ஒருவருக்கும் நிலத்துக்காரர்களுக்கும் வாக்குவாதம் முற்றித் துப்பாக்கிச் சூடானது. ஆறு பேர் இறந்தார்கள். சுட்டவருக்கு ஆயுள் தண்டனை. யார் முதலில் என்ன சொன்னார்கள், இனத்தைச் சொல்லித் திட்டினார்களா என்பதில் நீதிமன்றத்தில் இருவேறு கதைகள். லாவோஸிலிருந்து அகதிகளாக வந்து இங்கே வேரூன்றிய ஒரு சமூகம் அதற்குப் பிறகு காட்டுக்குள் போகவே தயங்கியது.

பெரியவர் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் சீசனுக்கு இரண்டு வாரம் முன்னால் என்னையும் மகளையும் டிரக்கில் ஏற்றிக்கொண்டு சுற்றியிருந்த ஒவ்வொரு பண்ணைக்கும் போனார். "இவர் என் ஷாப்பை வாங்கினவர். இது இவர் பெண். கிழக்குப் பரணில் இருப்பார்கள்." அவ்வளவுதான் அறிமுகம். காப்பி கொடுத்தார்கள், மழை பற்றிப் பேசினார்கள். பழுப்புத் தோல்காரன் ஒருவன் துப்பாக்கியோடு நடப்பதை அந்த மனிதர்கள் முதன்முதலாகத் தூரத்திலிருந்து பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இங்கே வேட்டைக்குப் போக நினைக்கும் நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: துப்பாக்கி வாங்குவதற்கு முன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள்.

சீசனின் இரண்டாம் நாள் மகள் ஒரு பெண் மானை அடித்தாள். பின்னால் மண்மேடு இருந்தது. ஒரே குண்டு. கொஞ்சம் அழுதாள், பெரியவரின் மகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். குடல் எடுப்பதை நான் செய்தேன், கோயில் கிடா வெட்டில் பார்த்த அனுபவம் கை கொடுத்தது. அதன் பிறகு தலையை வெட்டிப் பரிசோதனைப் பெட்டியில் போட்டோம். 2002-இல் இந்த மாநிலத்து மான்களில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு மூளை நோய் இருக்கிறது. ப்ரியான் என்ற புரதத்தால் வருவது, வேகவைத்தாலும் அழியாது. மனிதனுக்குப் பரவியதாக நிரூபணம் இல்லை, ஆனால் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் சுகாதாரத் துறையின் அறிவுரை. பரிசோதனை இலவசம். முடிவு வரும்வரை கறியைத் தனியாகப் பெயர் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள்.

கறி, யார் அடித்தாலும் கேம்ப்பில் எல்லாருக்கும் சமபங்கு. மான் கறியில் கொழுப்பு ரொம்பக் குறைவு. ஆட்டுக்கறி மாதிரி வதக்கிக்கொண்டே இருந்தால் ரப்பராகிவிடும். தொடையைக் கொத்துக்கறி ஆக்கிவிடலாம். முன்னங்காலைக் குக்கரில் விட்டு, சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு போட்டுப் பள்ளிபாளையம் மாதிரி செய்தால் நன்றாக வரும்.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. வக்கீலிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். நண்பர் சொன்னார் என்று இறங்காதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. இடுப்புக்கு மேல் உடையில் பாதியாவது பளீர் ஆரஞ்சாகவோ பளீர் பிங்க்காகவோ இருக்க வேண்டும். பிங்க் 2016-இல் சேர்த்தார்கள், மகள் அதைத்தான் எடுத்தாள். பரணில் ஏறும் முன்பே உடம்பு முழுக்கப் பிடிக்கும் பெல்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள். குண்டடியைவிடப் பரணிலிருந்து விழுந்து அடிபடுவது பற்றித்தான் கேம்ப்பில் அதிகம் எச்சரித்தார்கள்.

வீட்டில் மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். துப்பாக்கி வீட்டுக்குள் வரக் கூடாது. இதில் விவாதம் செய்ய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் ரைஃபிள்கள் பெரியவர் கேபினில் இருக்கும் இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கின்றன. அந்தப் பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், இன்னொன்றை அவர் என்னிடம் தராமல் நேராக என் மனைவியிடம் கொடுத்தார். அவரும் ரைஃபிள் காலியாகத்தான் இருக்கிறது என்று போல்ட்டைத் திறந்து காட்டினார்; இவளும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியை வாங்கிக்கொண்டாள்.